ஒரு குட்டி மஞ்சளாகப் பிறந்தால் போதாது

ஜேடர்பாளையம், வேலூர், கபிலர்மலை, சோழசிராமணிப் பக்கத்தில் வீட்டில் மலைப்பாம்பு வளர்க்கும் என் பழைய மாணவர்களுக்கு,

நீங்கள் கேட்ட சான்றை நான் எழுதித் தரப்போவதில்லை. பள்ளிக்கூடத்தில் மெண்டலின் பட்டாணியைப் பலகையில் வரைந்து காட்டியவள் என்பதற்காக, கைபேசியில் ஒரு குட்டியின் படத்தைப் பார்த்துவிட்டு "இது புதிய சடுதிமாற்றம்தான்" என்று கையெழுத்துப் போட முடியாது. படத்தில் நிறம் தெரியும், மரபு தெரியாது. அதைச் சொல்ல வேண்டியவை அந்தக் குட்டியின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான். அவை இன்னும் பிறக்கவில்லை. அதற்குள் பேர் வைத்து, விலை வைத்து, முன்பணமும் வாங்கியாகிவிட்டது என்று கேள்விப்பட்டதால்தான் இதை எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

குட்டி அழகாகத்தான் இருக்கிறது. வழக்கமான பால் பைத்தான் மலைப்பாம்புக்குக் கறுப்பு ஓடும் முதுகில் இதற்கு வெளிர் மஞ்சள் படர்ந்திருக்கிறது. விலாப் புள்ளிகள் உடைந்து கலைந்திருக்கின்றன. கழுத்திலிருந்து பாதி உடல் வரை நேர்க்கோடு ஒன்று. தாயும் தகப்பனும் சாதாரண நிறம், ஆறு முட்டையில் இது ஒன்று மட்டும் இப்படி. இதைக் கேட்டதும் உங்களுக்கு "ஒடுங்கு மரபணு" என்று தோன்றியது. எனக்கு முதலில் தோன்றியது சித்திரை மாதத்துத் தகரக் கொட்டகை.

நம் பக்கத்தில் முட்டை பொரிப்பது தெரியாத ஆள் கிடையாது. அதுவே இதில் ஆபத்து. நாமக்கல் பொரிப்பகத்தில் கோழி முட்டைக்கு 37.5 டிகிரி வைப்பார்கள், அடிக்கடி திருப்பி விடுவார்கள், 21 நாளில் குஞ்சு வந்துவிடும். பால் பைத்தான் முட்டைக்கு 31 முதல் 32 டிகிரிதான் வேண்டும். பொரிய ஏறத்தாழ இரண்டு மாதம். இட்ட சில மணி நேரத்துக்குப் பிறகு முட்டையைப் புரட்டவே கூடாது, புரட்டினால் உள்ளே கரு செத்துப்போகும். அதனால்தான் தெரிந்தவர்கள் எடுத்தவுடனே மேல்பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துவிடுகிறார்கள். இரண்டு மாத அடைக்காலம் நம் ஊரில் பங்குனி, சித்திரை, வைகாசியில்தான் வந்து விழுகிறது. வெளியே 39, 40 டிகிரி கொதிக்கும்போது கட்டுப்பாட்டுக் கருவி இல்லாத தெர்மோகோல் பெட்டிக்குள் என்ன நடந்திருக்கும் என்று யோசியுங்கள். கரு வளரும் நாட்களில் சூடு ஏறி இறங்கினால் பாம்பின் கோலம் கலையும் என்பது வளர்ப்போர் எல்லோரும் அறிந்தது. புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், முதுகில் கோடு விழும், சில சமயம் நிறமும் வெளுக்கும். அப்படிப் பிறந்த குட்டி வளர்ந்து முட்டையிட்டால் பிள்ளைகள் சாதாரணமாகவே பிறக்கும். சூடு மரபணுவில் எழுதப்படுவதில்லை.

இன்னொரு சந்தேகம், வயது. முதல் சட்டை உரிக்கும் முன் எடுத்த படத்தை நம்பவே கூடாது. உரித்த பிறகும் ஒரு வருடம் பார்க்க வேண்டும். குட்டியில் பளிச்சென்று இருந்து பிறகு பழுப்பேறிப் போகிற பாம்புகள் ஏராளம். காங்கேயம் கன்று செவலையாகப் பிறந்து ஆறு மாதத்தில் மயிலையாக மாறுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

சரி, சூடும் இல்லை, வயதும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் "புதியது" என்று சொல்ல முடியாது. பழைய மரபணு ஒன்று ஒளிந்து வந்திருக்கலாம், அதற்கே வாய்ப்பு அதிகம். உங்கள் ஜோடியை ஒரே ஆளிடம் வாங்கியிருக்கிறீர்கள். அவை அண்ணன் தங்கையாக இருந்து, இரண்டுக்குள்ளும் ஏற்கெனவே பேர் பெற்ற மார்ஃப் (நிற வகை) ஒன்று மறைவாக இருந்திருந்தால் நாலில் ஒன்று வெளிப்படத்தானே செய்யும்? விற்றவருக்கே அது தெரியாமல் இருந்திருக்கலாம். உறவில்லாத இரண்டு பாம்புகளிடம் உலகத்தில் யாரும் காணாத ஒரே மரபணு தற்செயலாக இருந்தது என்பதைவிட இது எவ்வளவோ இயல்பான விளக்கம்.

இனி, நிரூபிப்பது எப்படி என்று பார்ப்போம். இதை முதலில் ஒழுங்காகச் செய்தவர்களில் ஒருவர் பெக்டல் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர். ஜார்ஜியா மாநிலத்தில் வால்டோஸ்டா என்ற ஊர்க்காரர். 1950களில் காட்டில் பிடிபட்ட கறுப்பு நிறமியே இல்லாத சோளப்பாம்பு ஒன்று அவரிடம் வந்தது. அதைச் சாதாரணப் பாம்போடு சேர்த்தார். பிறந்ததெல்லாம் சாதாரணம். அத்தோடு விட்டிருந்தால் கதை முடிந்திருக்கும். அந்தச் சாதாரணப் பிள்ளைகளை வளர்த்து, மறுபடி சேர்த்து, 1961இல் அல்பினோக் குட்டிகளைப் பொரிக்க வைத்தார். இன்று உலகம் முழுக்க விற்கும் சிவப்புச் சோளப்பாம்புகளின் வரலாறு அங்கிருந்துதான் தொடங்குகிறது. பால் பைத்தானில் அல்பினோவை இப்படிப் பெருக்கிக் காட்டியவர் பாப் கிளார்க், 1992இல். பாதி உடல் வெள்ளையாக இருக்கும் பைபால்டை பீட்டர் கால் 1997இல் நிரூபித்தார். ஆப்பிரிக்காவில் கானா, டோகோ, பெனின் நாடுகளிலிருந்து வந்த ஆயிரக்கணக்கான பாம்புகளுக்கு நடுவில் வித்தியாசமாக ஒன்று தென்பட்டால், வளர்ப்போர் அதை "டிங்கர்" என்பார்கள். நிரூபிக்கப்படாதது என்று பொருள். டிங்கர்களில் மிகப் பல கடைசிவரை டிங்கராகவே செத்தன. உங்கள் குட்டியும் இன்றைக்கு ஒரு டிங்கர்தான். விற்கும்போது அந்தச் சொல்லையே சொல்லுங்கள்.

முதல் சோதனைக்குச் செலவே இல்லை. அதே தாய், அதே தகப்பன், மறுபடி ஒரு ஈடு. ஆனால் பெட்டி அதே பெட்டியாக இருக்கக் கூடாது. அதே தகரக் கொட்டகையில் அதே சூட்டில் பொரிக்க வைத்து மறுபடி ஒரு மஞ்சள் குட்டி வந்தால் என்ன தெரிந்துகொண்டோம்? ஒன்றுமில்லை. மரபும் திரும்ப வந்திருக்கலாம், சூடும் திரும்ப வந்திருக்கலாம். தெர்மோஸ்டாட் வாங்குங்கள். அதன் எண்ணையும் நம்பாமல் தனியாக ஒரு வெப்பமானியை முட்டைக்குப் பக்கத்தில் வையுங்கள். மின்வெட்டு நேரத்தையும் எழுதுங்கள்.

அடுத்தது குட்டியை வளர்த்துச் சோதனைக் கலப்பு செய்வது. இங்கேதான் உங்கள் பத்தாம் வகுப்புக் கட்டம் உதவும். பண்பு ஒடுங்கு பண்பாக இருந்தால், சாதாரணப் பாம்போடு சேர்த்த முதல் தலைமுறையில் ஒன்றுகூட மஞ்சளாக வராது. பல பேர் இங்கேயே சோர்ந்துபோய் எல்லாவற்றையும் விற்றுவிடுகிறார்கள். அந்தச் சாதாரணப் பிள்ளைகள் ஒவ்வொன்றும் அந்த மரபணுவைச் சுமக்கிறது, நீங்கள் "ஹெட்" என்கிறீர்களே, அது. அவற்றை மஞ்சளாக இருக்கும் தாயோடோ தகப்பனோடோ பிற்கலப்பு செய்தால் பாதிக்குப் பாதி. ஹெட்டையும் ஹெட்டையும் சேர்த்தால் நாலில் ஒன்று.

பாதி, கால் என்பதெல்லாம் சராசரிக் கணக்கு. ஒரு ஈட்டில் ஆறு முட்டைதான் என்றால் என்ன ஆகும்? பிற்கலப்பில் ஆறும் சாதாரணமாகப் பிறக்க 64இல் ஒரு வாய்ப்புத்தான். அது ஓரளவு உறுதியான "இல்லை". ஹெட்டோடு ஹெட் சேர்த்து ஆறும் சாதாரணமாகப் பிறப்பதோ 100க்கு 18 தடவை நடக்கும். அதை வைத்து "மரபு இல்லை" என்று முடிவு கட்ட முடியாது. அந்த ஐயத்தை 100க்கு ஒன்று அளவுக்குக் குறைக்க 16 முட்டையாவது பொரிய வேண்டும். அதனால் முடிந்தவரை பிற்கலப்பே செய்யுங்கள்.

எவ்வளவு காலம் பிடிக்கும் என்று கேட்டீர்கள். ஆண் ஒன்றரை வயதுக்குள் தயாராகிவிடும். பெண்ணுக்கு மூன்று வயதும் 1,500 கிராம் எடையும் வேண்டும். உங்கள் மஞ்சள் குட்டி ஆணாக இருந்தால் ஒரே பருவத்தில் மூன்று நான்கு பெண்ணோடு சேர்த்து நிறைய ஹெட் எடுக்கலாம், ஆனால் அந்த மகள்கள் வளரக் காத்திருக்க வேண்டும். பெண்ணாக இருந்தால் அது வளரவே மூன்று வருடம், ஆண்டுக்கு ஒரே ஈடு, அதன் மகன்கள் மட்டும் சீக்கிரம் தயாராவார்கள். எப்படிப் பார்த்தாலும் நாலைந்து வருடத்துக்குள் பதில் கிடைக்காது. தீபாவளிக்குள் விலைப்பட்டியல் போடுகிற பேச்சை விடுங்கள்.

நடுவில் இன்னொரு கண்ணி இருக்கிறது. பெண் பாம்பு ஒரு தடவை சேர்ந்த ஆணின் விந்தை உடலுக்குள் வெகுகாலம் சேமித்து வைத்திருக்க முடியும். ஆணே இல்லாமல் முட்டையிடுவதும் உண்டு. 2020இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் விலங்கியல் பூங்காவில், குறைந்தது 62 வயதான ஒரு பால் பைத்தான் 7 முட்டை இட்டது. பதினைந்து வருடத்துக்கும் மேலாக அது ஆண் பாம்பின் பக்கத்தில்கூடப் போனதில்லை. ஆகவே வேறொருவரிடம் வாங்கிய வளர்ந்த பெண்ணைச் சோதனைக்குப் போட்டால், பிறந்தது யார் பிள்ளை என்ற கேள்விக்குப் பதில் இராது. குட்டியிலிருந்து நீங்களே வளர்த்த, சேர்க்கை காணாத பெண் வேண்டும்.

முதல் ஈட்டிலேயே பாதிக் குட்டிகள் மஞ்சளாக வந்தால் அது வேறு வகை. ஓங்கு பண்பு, அல்லது முற்றுப்பெறா ஓங்குதன்மை. நாலு மணிப்பூவின் சிவப்பும் வெள்ளையும் சேர்ந்து இளஞ்சிவப்பு வந்த பாடம் நினைவிருக்கிறதா? வியாபாரத்தில் "கோ-டாம்" என்று சொல்வதில் பெரும்பாலானவை இதுதான், இணை ஓங்குதன்மை அல்ல. பாஸ்டல் என்ற மார்ஃப் அப்படிப்பட்டது. இரண்டு பாஸ்டலைச் சேர்த்தால் நாலில் ஒன்று இன்னும் வெளுத்த "சூப்பர்" ஆகப் பிறக்கும். அந்த மூன்றாவது தோற்றத்தைக் கண்ணால் பார்க்கும்வரை எந்த வகை என்று முடிவு செய்ய வேண்டாம்.

புதியதா பழையதா என்ற கேள்வியையும் சேர்க்கைதான் தீர்க்கும். ஒரே மாதிரித் தோன்றும் இரண்டு ஒடுங்கு மார்ஃபுகளைச் சேர்த்துப் பாருங்கள். பிள்ளைகளும் அதே மாதிரி இருந்தால் இரண்டும் ஒரே மரபணு. எல்லாம் சாதாரணமாகப் பிறந்தால் வேறு வேறு. அல்பினோவையும் லாவெண்டர் அல்பினோவையும் சேர்த்தால் பழுப்பும் கறுப்புமாகச் சாதாரணக் குட்டிகள் பிறக்கும். மஞ்சளே இல்லாத "அக்ஸாந்திக்" என்ற பேரில் பல வம்சங்கள் இருக்கின்றன. பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் அவற்றில் சில ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. எனவே உங்கள் குட்டி புதியது என்று சொல்வதற்கு முன், அதைப் போலவே தோன்றும் அறியப்பட்ட மார்ஃப் ஒவ்வொன்றோடும் சேர்த்துப் பார்த்தாக வேண்டும். பெரிய செலவு, தெரியும். "புதிய" என்ற சொல்லுக்கு நீங்கள் வைத்திருக்கும் விலையும் பெரியதுதானே?

பெற்றோரில் யாரிடமிருந்து வந்தது என்பதையும், குட்டி ஆணா பெண்ணா என்பதையும் கட்டாயம் எழுதுங்கள். பனானா என்ற மார்ஃபில் ஒரு விசித்திரம் இருந்தது. சில பனானா ஆண்களுக்குப் பனானாப் பிள்ளைகள் ஏறக்குறைய எல்லாமே ஆண், சில ஆண்களுக்கு எல்லாமே பெண். பாம்புகளுக்குக் கோழியைப் போல இசட்-டபிள்யூ பால் நிறமூர்த்தம் என்றுதான் பாடப்புத்தகம் சொல்லிக்கொண்டிருந்தது. நானும் அப்படித்தான் நடத்தினேன். 2017இல் மலைப்பாம்புக்கும் போவாவுக்கும் மனிதரைப் போல எக்ஸ்-ஒய் என்று ஆய்வாளர்கள் கண்டறிந்த பிறகுதான் வளர்ப்பவர்களின் பதிவேட்டில் இருந்த புதிருக்கு விடை வந்தது. பனானா மரபணு பால் நிறமூர்த்தத்தில் உட்கார்ந்திருக்கிறது. வீட்டில் பாம்பு வளர்த்தவர்கள் எழுதிவைத்த கணக்கு அறிவியலுக்கு முன்னால் போய் நின்ற இடம் அது. எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த செய்தி இதுதான்.

அதே போல 2022இல் அமெரிக்காவின் ஈஸ்டர்ன் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அல்பினோ பால் பைத்தானின் மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். நிறமி செய்யும் டைரோசினேஸ் நொதியின் மரபணுதான் கெட்டிருந்தது, அதுவும் ஒரே விதமாக அல்லாமல் வேறு வேறு விதங்களில். அதற்கு ஒரு பாம்பிடமிருந்தும் ரத்தம் எடுக்கவில்லை. வளர்ப்பவர்கள் கொடுத்த உரித்த சட்டைகளே போதுமாக இருந்தன. நீங்கள் குப்பையில் போடுகிற அதே சட்டைதான். உரித்ததும் நிழலில் உலர்த்தி, காகித உறையில் போட்டு, பாம்பின் எண்ணும் தேதியும் எழுதி வையுங்கள். ஆனால் ஒன்று, சட்டையைச் சோதிக்கும் கூடங்கள் அறியப்பட்ட மரபணுவைத்தான் தேட முடியும். புதியதாக இருந்தால் முதலில் சேர்க்கைதான் சாட்சி.

நிறம் நிரூபணமானால் மட்டும் வேலை முடிந்ததாக நினைக்காதீர்கள். ஸ்பைடர் என்ற மார்ஃப் 1999இல் பெருக்கப்பட்டது, பார்க்கச் சிலந்தி வலை போல அழகு, உலகெங்கும் விற்றது. அந்தப் பாம்புகளுக்குத் தலை நடுங்கும், சில மல்லாந்து சுழலும், எலியைக் குறிவைத்துக் கொத்தத் தடுமாறும். 2022இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் ஊடுகதிர் வழியே பார்த்தபோது உட்காதின் சமநிலை உறுப்பே உருக்குலைந்திருந்தது. நிறத்தைக் கொடுக்கும் அதே மரபணு காதையும் கெடுக்கிறது, பிரிக்க முடியவில்லை. டெசர்ட் என்ற மார்ஃபில் பெண்களுக்கு முட்டை இறங்காமல் உள்ளேயே அடைத்துக்கொள்ளும். உங்கள் ஏட்டில் நிறத்துக்கு ஒரு பத்தி என்றால், குட்டி எப்போது முதல் எலி தின்றது, தலை நேராக நிற்கிறதா, முதுகெலும்பு வளைந்திருக்கிறதா, எத்தனை முட்டை கூழானது என்பதற்கெல்லாம் இன்னொரு பத்தி வேண்டும். அதிலும் தகப்பனையும் மகளையும் சேர்க்கிற வேலை இது. தாய்மாமனுக்கும் அக்காள் மகளுக்கும் கல்யாணம் செய்வதை நம் ஊர் மருத்துவர்கள் வேண்டாம் என்கிறார்களே, இது அதைப்போல இரு மடங்கு நெருக்கம். மரபு உறுதியான மறு ஈட்டிலேயே வெளி ரத்தம் சேர்த்துவிடுங்கள்.

இப்போது உங்களுக்குக் கசக்கும் பகுதி. உங்களில் எத்தனை பேரிடம் காகிதம் இருக்கிறது? பால் பைத்தான் சைட்டிஸ் என்ற பன்னாட்டு உயிரின வணிக ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. 2022இல் திருத்தி, 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வைத்திருப்பவர் பதிவு செய்தாக வேண்டும். அதற்கான விதிகள் 2024 பிப்ரவரியில் வந்தன, பதிவு பரிவேஷ் தளத்தில். குட்டி பிறந்தாலும் பாம்பு செத்தாலும் கைமாறினாலும் தெரிவிக்க வேண்டும். 2023 ஜூலையில் திருச்சி விமான நிலையத்தில் கோலாலம்பூரிலிருந்து வந்த ஒரு பயணியின் பெட்டியில் 47 மலைப்பாம்புகளும் 2 பல்லிகளும் பிடிபட்டன. அப்படி வந்த பாம்புக்கு வம்சமும் கிடையாது, வயதும் தெரியாது, யார் யாருக்கு உடன்பிறப்பு என்பதும் தெரியாது. சட்டத்தை விடுங்கள், சோதனைக்கே அது உதவாது.

உங்களில் ஒருவர், பேர் சொல்ல மாட்டேன், ராஜவாய்க்கால் கரையில் கரும்பு வெட்டும்போது வெளுத்த சாரை ஒன்றைப் பார்த்ததாகவும், பிடித்து வைத்தால் "நம்ம ஊர் மார்ஃப்" எடுக்கலாமே என்றும் சொன்னார். எடுக்கவே கூடாது. சாரையோ நாகமோ தண்ணீர்ப்பாம்போ, நம் மண்ணின் பாம்பைப் பிடித்து வளர்ப்பது குற்றம். 2023 மே மாதம் கோவையில் குடியிருப்புப் பகுதியில் வெள்ளை நாகம் ஒன்று அகப்பட்டபோது வனத்துறை மூலம் காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். அதுதான் முறை. மண்ணுளிப் பாம்புக்குக் கோடி ரூபாய் என்று நம்பி நம் மாவட்டங்களில் எத்தனை பேர் கைக்காசை இழந்தார்கள், எத்தனை பேர் வழக்கில் மாட்டினார்கள் என்பது உங்களுக்கும் தெரியும். சோதனை செய்யாத குட்டியை "நூறு சதவீத ஹெட்" என்று விற்பதும் எனக்கு அந்த வரிசையில்தான் படுகிறது. வாங்குகிறவன் கண்ணால் பார்ப்பது வெறும் சாதாரணப் பாம்பு. அவன் காசு கொடுப்பது உங்கள் வாய்வார்த்தைக்கு. அது பொய் என்று அவனுக்குத் தெரிய மூன்று வருடம் ஆகும்.

ஆகவே இந்த வருடம் செய்ய வேண்டியது இவ்வளவுதான். வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். மஞ்சள் குட்டியை யாருக்கும் கொடுக்காமல் வளருங்கள், மாதம் ஒரு தடவை ஒரே இடத்தில் ஒரே வெளிச்சத்தில் படம் எடுங்கள். அதன் உடன்பிறந்த ஐந்தையும் விற்க வேண்டாம். பண்பு ஒடுங்கு பண்பு என்று தெரிந்தால் அவற்றில் ஒவ்வொன்றும் மூன்றில் இரண்டு வாய்ப்பில் ஹெட்டாக இருக்கும், அப்போது ஓடிப்போய்த் தேடினால் கிடைக்காது. பதிவு செய்யாதவர்கள் வன அலுவலகத்தில் போய் விசாரியுங்கள், பயந்துகொண்டு ஒளித்து வைக்காதீர்கள்.

தாய்ப்பாம்பை மறுபடி சேர்ப்பதாக இருந்தால் கார்த்திகைக் குளிர் தொடங்கும் முன் எடை போடுங்கள். முட்டையிட்ட பிறகு இழந்த உடம்பு முழுதாகத் திரும்பி 1,500 கிராமைத் தாண்டியிருக்க வேண்டும். தராசில் அது குறைந்தால் இந்தப் பருவம் வேண்டாம், அடுத்த வருடம் பார்க்கலாம். ஏடு போடத் தெரியாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்கு வாருங்கள், கோடு போட்டுத் தருகிறேன். பாம்பைக் கொண்டு வர வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் உயிரியல் டீச்சர்,
ஜேடர்பாளையம்